போதகர் எப்படி இருக்க வேண்டும்? சபைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கல்யாணப் பந்தியில், ராத்திரி வரும் போனில் என்று ஒரே சந்தேகங்கள் பலர் வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. நான் சேகரக் கமிட்டியில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் நிர்வாகக் குழுவில்) இருந்தவன் என்பதால் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை ஆட்கள் கேட்கிறார்கள். சொந்தபந்தத்தில் பலர் பெந்தெகொஸ்தே சபைகளில் இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எந்தவொரு போதகரையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. போதகர்களையும் சபையையும் நேசிப்பதால்தான் எழுதுகிறேன்.

போதகர்னா இப்படித்தான் இருக்கணும்னு வேதத்துல எங்கயாவது பட்டியல் இருக்கா?

இருக்கிறது. 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்திலும் தீத்து முதல் அதிகாரத்திலும் நேராகவே இருக்கிறது. கூடவே 1 பேதுரு 5-இன் முதல் நான்கு வசனங்களையும், அப்போஸ்தலர் 20-இல் எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும்போது பவுல் பேசியதையும் வாசித்துவிடுங்கள். குற்றஞ்சாட்டப்படாதவன், ஒரே மனைவியை உடையவன், தெளிந்த புத்தியுள்ளவன், அந்நியரை உபசரிக்கிறவன், மதுபானப்பிரியன் அல்லாதவன், அடிக்காதவன், சண்டைபண்ணாதவன், பண ஆசையில்லாதவன், சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்துகிறவன், விசுவாசத்தில் புதியவன் அல்லாதவன், சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் நல்ல பெயர் எடுத்தவன் என்று அது போகிறது.

இதில் திறமை என்று சொல்லக்கூடியது ஏறக்குறைய ஒன்றுதான்: போதகசமர்த்தன், சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவன். மற்றதெல்லாம் குணம். நாம் போதகரைப் பற்றி விசாரிக்கும்போது "நல்லா பிரசங்கம் பண்ணுவாரா, பாடுவாரா, வாலிபர்களை இழுப்பாரா" என்றுதான் முதலில் கேட்கிறோம். கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வார், கடன் வாங்கினால் திருப்பித் தருவாரா, எதிர்த்துப் பேசியவரை அடுத்த வாரம் எப்படிப் பார்ப்பார் என்று யாரும் கேட்பதில்லை. பவுல் கேட்டது இதைத்தான்.

அப்படிப் பார்த்தா யாருமே தேற மாட்டாங்களே? அவரும் மனுஷன்தானே?

மனுஷன்தான். பாவமே செய்யாதவர் வேண்டும் என்று அந்தப் பட்டியல் கேட்கவில்லை. ஊரறிய நிரூபித்துக் காட்டும்படியான குற்றம் அவர் மேல் நிற்கக் கூடாது, தப்பு நடந்தால் அதை ஒத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கமிட்டியில் கத்திவிட்டு மறுநாள் அந்த மூப்பர் வீட்டுக்கே போய் "நான் பேசினது தப்பு, ஐயா" என்று சொல்கிற போதகர் எனக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார். கத்தியது மாதாமாதம் நடந்தால் அது வேறு. அது மனுஷ பலவீனம் என்ற இடத்தைத் தாண்டிவிட்டது.

சி.எஸ்.ஐ. ஐயருக்கும், தனி சபை பாஸ்டருக்கும், கிராமத்து உபதேசியாருக்கும் ஒரே அளவுகோல்தானா?

குணத்தைப் பொறுத்தவரை ஒரே அளவுகோல்தான். வித்தியாசம் மேற்பார்வையில் இருக்கிறது. சேகரத்தில் இருக்கும் குருவானவருக்கு (ஐயர் என்று சொல்வதும் இவரைத்தான்) மேலே பேராயர், அவருடைய எல்லையான திருமண்டலத்தின் நிர்வாகக் கமிட்டி, மாற்றல், ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு ஏற்பாடு உண்டு. அது சரியாக நடக்கிறதா என்பது வேறு கேள்வி, ஆனால் மனு கொடுக்க ஒரு வாசல் இருக்கிறது. தானாக ஆரம்பித்த சபையில் பல நேரம் பாஸ்டரே நிறுவனர், அவரே டிரஸ்டி, அவர் மனைவியும் மைத்துனரும் மற்ற டிரஸ்டிகள். அங்கே கேள்வி கேட்க ஆளே இல்லை. அதனால் தனி சபை பாஸ்டர்தான் தன்னைச் சுற்றித் தானே வேலி போட்டுக்கொள்ள வேண்டும், குடும்பத்தில் சேராத இரண்டு மூன்று மூப்பர்களையாவது உண்மையான அதிகாரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல பாஸ்டர்கள் இதைச் செய்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

வெளியில இருக்கிறவங்க என்ன நினைச்சா என்ன, தேவன் பார்த்தா போதாதா?

போதாது என்று 1 தீமோத்தேயு 3:7 சொல்கிறது, புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாக இருக்க வேண்டும். இதற்கு நம் மண்ணிலேயே ஒரு ஆள் இருக்கிறார், தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயர். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி, 1798-இல் தஞ்சாவூரில் இறந்தார். 1779-இல் சென்னையிலிருந்த ஆங்கிலேய அரசு ஹைதர் அலியிடம் பேச இவரைத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது, ஆங்கிலேய அதிகாரிகளை நம்பாத ஹைதர் இவரை நம்பினார். வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த பணத்தைக்கூட இவர் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். தஞ்சை மன்னர் துளஜா தன் தத்துப்பிள்ளை சரபோஜியை இவர் கண்காணிப்பில் விட்டுவிட்டுப் போனார். சுவார்ட்ஸ் இறந்தபின் கிறிஸ்தவரல்லாத அந்த சரபோஜி மன்னர்தான் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் சொல்லிப் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்து வைத்தார். தஞ்சாவூரில் அதை இன்றும் பார்க்கலாம்.

தெருவில் மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர், பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம், எதிர் வீட்டு பாய் ஆகியோர் உங்கள் போதகரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூங்கவிடாமல் செய்பவருக்கு இந்த நற்சாட்சி கிடைக்காது.

பிரசங்கத்துல அபிஷேகம் இறங்குது, அற்புதம் நடக்குது. குணம் மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி. விட்டுடலாமா?

விட முடியாது. உமது நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம் என்று சொல்லப்போகிற பலரிடம் "நான் உங்களை அறியவில்லை" என்று ஆண்டவர் சொல்வார் என மத்தேயு 7-இல் இருக்கிறது. பிணியாளிகளைச் சொஸ்தமாக்க அதிகாரம் கொடுத்து அனுப்பப்பட்ட பன்னிரண்டு பேரில் யூதாஸும் ஒருவன். வரம் இருப்பதாலேயே குணம் இருக்கிறது என்று நினைத்துத்தான் நம் ஜனங்கள் நிறைய ஏமாந்திருக்கிறார்கள், காசை மட்டும் அல்ல, விசுவாசத்தையே இழந்து போனவர்களும் உண்டு. மற்ற எல்லாப் பதில்களையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போதகர் சம்பளம் வாங்கலாமா? கார் வாங்கினா தப்பா?

சம்பளம் வாங்கலாம், வாங்கவும் வேண்டும். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தால் பிழைப்பு உண்டு என்று 1 கொரிந்தியர் 9:14 சொல்கிறது. அதே பவுல் தன் கையால் கூடாரம் செய்தும் பிழைத்தார். இரண்டும் சரியான வழிதான். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத அளவுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு "விசுவாசத்தால் வாழுங்கள்" என்று போதகரிடம் சொல்கிற சபை பாவம் செய்கிறது.

காரும் தப்பில்லை. ஏழு எட்டு ஊர்ச் சபைகளுக்குப் போகிறவருக்கு வண்டி தேவை. ஆனால் கூலி வேலைக்குப் போகிற ஜனங்கள் நிறைந்த சபையில், அவர்கள் கொடுத்த காணிக்கையில் பெரிய சொகுசுக் காரை வாங்கி, அதையே ஆசீர்வாதத்துக்கு அடையாளமாகப் பிரசங்கித்தால் அங்கே பண ஆசை வந்துவிட்டது. "விதைத்தால் அறுப்பாய், ஆயிரம் கொடு, பத்தாயிரம் வரும்" என்று கடனில் மூழ்கியிருக்கிற விதவையிடம் சொல்வதை நான் எந்த நிலையிலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காணிக்கைக் கணக்கு கேட்டா "சபைக்கு விரோதமா பேசுற"ன்னு சொல்றாங்க. கேட்கிறது தப்பா?

தப்பே இல்லை. எருசலேம் ஏழைகளுக்குச் சேர்ந்த தர்மப் பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார், யாரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணத்தையும் 2 கொரிந்தியர் 8:20, 21-இல் எழுதி வைத்தார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பது அவர் நியாயம். அப்போஸ்தலனே கணக்குக் காட்டினார் என்றால் நம் ஊர் போதகர் எந்த மூலை!

நடைமுறையில் என்ன செய்யலாம்? காணிக்கையை ஆராதனை முடிந்ததும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத இரண்டு பேர் எண்ணி, அங்கேயே புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிக் கணக்கு சபை பேரில் அல்லது டிரஸ்ட் பேரில் இருக்க வேண்டும், காசோலைக்கு இரண்டு கையெழுத்து. சுவரில் ஒட்டியிருக்கும் ஜிபே கியூஆர் கோடு யார் கணக்குக்குப் போகிறது என்று ஸ்கேன் செய்து பாருங்கள். போதகரின் சொந்தப் பேர் வந்தால் மரியாதையாகக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் 2010-ஆம் வருட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும், பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் முதலில் வர வேண்டும். நல்ல கணக்கு முதலில் பாதுகாப்பது போதகரைத்தான். பொய்ப் புகார் வந்தால் புத்தகத்தை எடுத்துப் போட்டுவிடலாம்.

"நான் அபிஷேகம் பண்ணினவனைத் தொடாதே"ன்னு வசனம் இருக்கே. போதகரைக் கேள்வி கேட்டா சாபம் வருமா?

அந்த வசனம் சங்கீதம் 105:15. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் பரதேசிகளாய் ஊர் ஊராகத் திரிந்தபோது அங்கிருந்த ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று தேவன் கடிந்துகொண்டதைச் சொல்கிறது. பலமுள்ளவர்களிடமிருந்து பலமில்லாதவர்களைக் காக்கச் சொன்ன வார்த்தை அது. அதை எடுத்து, அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வியிலிருந்து காக்கப் பயன்படுத்துவது வேதத்தைத் திருப்பிப் போடுவது. தாவீது சவுலைக் கொல்ல மறுத்ததையும் இதற்குச் சொல்வார்கள். கொல்லத்தான் மறுத்தான், "நீர் செய்வது அநியாயம்" என்று சவுலின் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தான். அதே தாவீது அபிஷேகம் பெற்ற ராஜாவாக இருந்தபோது நாத்தான் தீர்க்கதரிசி வந்து "நீயே அந்த மனுஷன்" என்று அவன் பாவத்தைச் சுட்டிக்காட்டினான். பேதுருவைப் பவுல் எல்லார் முன்பாகவும் கண்டித்தது கலாத்தியர் 2-இல் இருக்கிறது.

அதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் பரப்பலாம் என்று அர்த்தமில்லை. மூப்பன் மேல் குற்றம் வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது, அது போதகருக்குக் கிடைத்த நியாயமான பாதுகாப்பு. அடுத்த வசனத்தையும் விடாமல் படியுங்கள்: பாவம் செய்தது உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. சாபத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்க ஒரு விசுவாசிக்கும் அவசியமில்லை.

எங்க ஐயர் வந்தா பெரிய நாற்காலி, மாலை, பொன்னாடை. இதெல்லாம் தேவையா?

வயதில் பெரியவருக்கும் ஊழியக்காரருக்கும் மரியாதை செய்வது நம் பண்பாடு, அதை விட வேண்டாம். அவர் அதை எதிர்பார்க்க ஆரம்பித்தால்தான் கவலை. இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாக இருங்கள் என்று பேதுரு சொன்னார். 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா எழுந்து நின்று, இத்தனை தியாகம் செய்த மிஷனெரிகளைப் பார்த்து, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். தலைவர்களைப் பார்த்து அடியிலிருந்த ஒருவர் கேட்டது அது. 1912-இல் அவரே தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அவர் அன்று கேட்டதை இன்று நம் சபையின் கடைசி பெஞ்சில் இருக்கிறவர் நம் போதகரிடம் கேட்கிறார்.

சபைக்குள்ள சாதி பார்க்கிறாங்க. போதகர் கண்டுக்கல. அவர் என்ன செய்யணும்?

பேச வேண்டும், நஷ்டம் வந்தாலும் பேச வேண்டும். சபையில் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கடிதம் அனுப்பியது 1833-இல். அப்போதே தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். இத்தனை தலைமுறை ஆகியும் கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை, திருமணப் பேச்சில் சாதி, கமிட்டித் தேர்தலில் சாதி ஓட்டு என்று கிடக்கிறோம். எனக்கு இதைவிட வேதனையான விஷயம் சபையில் வேறில்லை.

போதகரிடம் எதிர்பார்ப்பது சாதி ஒழிப்புப் பிரசங்கம் மட்டுமல்ல. எல்லாத் தெருவிலும் அவர் சாப்பிடுகிறாரா? தன் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது என்ன செய்கிறார்? இரண்டு சாதிப் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்ள வந்து நின்றால் அவர்கள் பக்கம் நிற்கிறாரா? யாக்கோபு 2-இல் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியும் கொடுத்த சபையை அப்போஸ்தலன் கண்டித்தான். அதைப் பிரசங்கிக்கத் தைரியமில்லாதவர் வேறெதைப் பிரசங்கித்தும் என்ன?

பெண்கள் தனியா ஜெபத்துக்குப் போகலாமா? பாஸ்டர் தப்பானவர் இல்லைன்னாலும்?

தப்பானவர் இல்லாவிட்டாலும் சில ஒழுங்குகள் வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும், அல்லது பார்வைக்குப் படும் இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், போதகரின் மனைவியோ பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மூத்தவர் ஒருவரோ பக்கத்தில் இருப்பது நல்லது. ராத்திரி நேரச் சாட்டிங், "இதை உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லாதே", தலையைத் தாண்டிக் கை வைக்கிற ஜெபம், இவையெல்லாம் எச்சரிக்கை மணி. இதில் பெண் தன் மேல் பழியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. மனம் உடைந்து வருகிற ஒருவரிடம் அதிகாரம் முழுக்கப் போதகர் கையில் இருக்கிறது, அதனால் பொறுப்பும் முழுக்க அவருடையதுதான்.

பாஸ்டர்கிட்ட ரகசியமா சொன்னதை அடுத்த வாரம் பிரசங்கத்துல சொல்லிட்டார். பேர் சொல்லல, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

பேர் சொல்லாவிட்டாலும் அது துரோகம்தான். சிறிய சபையில் "ஒரு சகோதரி, கணவர் வெளிநாட்டில்" என்றாலே முடிந்தது. ஜெபக்குறிப்பு என்ற பேரில் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே கதைதான். அவரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்கிறாரா என்று பாருங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் ரகசியம் காக்கக் கூடாது: குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிய வந்தால். 2012-ஆம் வருடப் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசிடம் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. போதகருக்கு விலக்கு இல்லை. "சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்" என்று சொல்கிற போதகர் குற்றத்துக்கு உடந்தையாகிறார். குற்றம் செய்தவரே மத நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர் என்றால் சட்டம் அதை இன்னும் கடுமையான குற்றமாகவே வைத்திருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யலாம், யார் அனுமதியும் தேவையில்லை.

"விசுவாசம் இருந்தா மாத்திரையை நிறுத்து"ன்னு பாஸ்டர் சொல்றார். அம்மாவுக்குச் சுகர்.

நிறுத்த வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள், போதகரிடம் அப்புறம் பேசலாம். யாக்கோபு 5:14 மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது, மருந்தை விடச் சொல்லவில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவந்ததாக 2 தீமோத்தேயு 4:20-இல் எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? வேலூர் சி.எம்.சி.யை 1900-இல் சிறு மருத்துவமனையாக ஆரம்பித்த ஐடா ஸ்கடரும் மிஷனெரிதான். ஜெபமும் மருந்தும் ஒன்றாகவே நம் சபைகளில் வளர்ந்தவை.

புற்றுநோய், சர்க்கரை, வலிப்பு ஆகியவற்றை மந்திரத்தால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டம் ஒன்று தடுக்கிறது. கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கிறவர்கள் அதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தேர்தல் நேரத்துல போதகர் யாருக்கு ஓட்டுப் போடணும்னு சொல்லலாமா?

ஓட்டுப் போடுங்கள், காசு வாங்காதீர்கள் என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இன்னாருக்குப் போடாவிட்டால் தேவ கோபம் வரும் என்று மிரட்டினால் அது 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் முறைகேடு. ஆலயத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-இல் தனிச் சட்டமே வந்தது. திருமண்டலத் தேர்தலுக்கும் இதையே சொல்வேன். அணி பிரிந்து, மாற்றலையும் பதவியையும் ஆசைகாட்டி ஓட்டுச் சேர்க்கும் குருவானவர் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் எல்லாருக்கும் ஒரே அப்பத்தைப் பிட்டுக்கொடுக்கும்போது எந்த முகத்தோடு கொடுப்பார்?

எங்க பாஸ்டர் கல்யாணம் நடத்தி வைக்கிறார். அது செல்லுமா?

அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். 1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயர் கையால் குருப்பட்டம் பெற்றவர்களைப் போலச் சிலர் தங்கள் சபை விதிப்படி நடத்தலாம், மற்றவர்களுக்கு அரசு உரிமம் வேண்டும். அதிகாரம் இல்லாமல் நடத்தினால் 10 வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. உரிமம் இல்லாத பாஸ்டர் அதை மறைக்காமல் சொல்லி, பதிவுக்கு வேறு வழி காட்ட வேண்டும். இதுவும் நேர்மையைச் சேர்ந்ததுதான்.

போதகரின் பிள்ளை வழிதவறிப் போனா அவர் ஊழியத்தை விடணுமா?

தானாக விட வேண்டியதில்லை. ஆசாரியன் ஏலியின் குமாரர் கெட்டவர்கள், ஆனால் ஏலி மேல் வந்த குற்றம், தெரிந்தும் அவர்களை அடக்கவில்லை என்பது (1 சாமுவேல் 3:13). வளர்ந்த பிள்ளை தன் வழியில் போவதற்கும், அப்பா தன் பதவியை வைத்து அவனைக் காப்பாற்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதோடு, குருமனைப் பிள்ளைகளை, அதாவது போதகர் வீட்டுப் பிள்ளைகளை, ஊரே கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பதை நாம் நிறுத்த வேண்டும். போதகரின் மனைவிக்கும் இது பொருந்தும். அவரைச் சம்பளமில்லாத இரண்டாவது ஊழியராக யாரும் நியமிக்கவில்லை, அவர் கட்டும் புடவையும் சபை விவகாரம் இல்லை.

போதகருக்கு நாம என்ன செய்யணும்? எப்பப் பார்த்தாலும் அவரையே குறை சொல்றோமே.

நல்ல கேள்வி, குறைவாகத்தான் வருகிறது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள், அன்று சாவு வீடு, ஆஸ்பத்திரி தவிர வேறெதற்கும் கூப்பிடாதீர்கள். சம்பளத்தைத் தேதியில் கொடுங்கள். பிரசங்கத்துக்குப் படிக்க நேரம் விடுங்கள். மனச்சோர்வு வந்தால் "ஊழியக்காரனுக்கே இப்படியா" என்று கேட்காமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எலியா தீர்க்கதரிசியே சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தார், தேவன் அவரைத் திட்டவில்லை, தூதனை அனுப்பிச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டார்.

பெரிய தப்பில் விழுந்த போதகர் மனந்திரும்பிட்டார்னா திரும்பவும் பிரசங்கபீடத்துல ஏறலாமா? மன்னிக்கணும்னுதானே வேதம் சொல்லுது?

மன்னிப்பும் பொறுப்பும் வேறு வேறு. கண்ணீரோடு வந்தால் அன்றைக்கே மன்னிக்கலாம், திருவிருந்தில் பக்கத்தில் உட்காரலாம், அவர் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் மந்தையை நடத்தும் இடத்துக்கு முதல் கேள்வியில் சொன்ன பட்டியல் பொருந்த வேண்டும், நற்சாட்சி கண்ணீரால் திரும்பி வராது, வருடங்கள் எடுக்கும். இயேசுவை மறுதலித்த பேதுரு திரும்பி வந்தாரே என்பார்கள். வந்தார், ஆனால் அவர் யாரையும் சுரண்டவில்லை, பயந்து பொய் சொன்னார். பணத்தைக் கையாடியவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபின், கணக்குப் பக்கமே வராத ஒரு வேலையில், மேற்பார்வையின் கீழ் ஏதாவது செய்யலாம் என்பது என் கருத்து. குழந்தைகளிடமோ உதவி தேடி வந்த பெண்ணிடமோ தவறாக நடந்தவர் மறுபடி போதகராகக் கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

முடிவெடுக்கும் முன் பாதிக்கப்பட்டவரிடம் யாராவது பேசினார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் பேசியிருக்க மாட்டார்கள், அவரும் குடும்பமும் அதற்குள் வேறு சபைக்குப் போயிருப்பார்கள். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள், போதகரின் எதிர்காலத்தைப் பற்றிய கூட்டத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.